ஹாப்சன்-ஜாப்சன்: ஓர் அழுகை கூச்சலான கதை



போன மாதம் எங்கள் வகுப்பில் பிசினஸ் இங்கிலீஷ் டெஸ்ட் நடந்தது. 'கூச்சல் குழப்பம்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள் ஐந்து எழுது என்று ஒரு கேள்வி. நான் 'ஹல்லபலூ' எழுதினேன், 'பெட்லம்' எழுதினேன், 'பாண்டமோனியம்' எழுதினேன். மீதி ரெண்டு கடைசி வரைக்கும் வரவே இல்லை. பின் பெஞ்சு நண்பன் ஒருவன் "நம்ம கிளாஸ் ரூம்" என்று எழுதி வைத்துவிட்டு வந்தான். அதற்கு அரை மார்க் போட்டிருக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து :-)

பி.காம் படிக்கிறவனுக்கு அகராதியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். விட்டுப்போன ரெண்டு சொற்களைத் தேடலாம் என்று உட்கார்ந்தேன். ரெண்டும் கிடைத்தன. ஆனால் அதோடு எழுந்திருக்க முடியவில்லை. ஏனென்றால் அந்த ரெண்டு சொற்களும் இங்கிலாந்தில் பிறந்தவை இல்லை, நம் நாட்டில் பிறந்தவை. ரெண்டுமே முதலில் கூச்சல் என்ற பொருளில் இருந்தவையும் இல்லை. அதில் ஒன்று வளர்ந்த வழியில் நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பக்கமும், ஆற்காட்டுப் பக்கமும் வருகிறது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் எழுதிய மூன்று

'ஹல்லபலூ' எங்கிருந்து வந்தது என்று உறுதியாக யாராலும் சொல்ல முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த சொல். கூப்பிடுகிற 'ஹலோ'வும், குழந்தையைத் தூங்க வைக்க ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்லும் 'பலூ'வும் சேர்ந்தது என்பது ஒரு ஊகம். நம் ஊர் 'அல்லோலகல்லோலம்' மாதிரியே ஒலிக்கிறதே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் ரெண்டுக்கும் சம்பந்தமில்லை. நம்முடையதில் இருக்கும் 'கல்லோலம்' வடமொழியில் பேரலை.

'பாண்டமோனியம்' கவிஞர் மில்டன் 1667இல் உருவாக்கிய பெயர். நரகத்தில் பிசாசுகள் கூடும் மாளிகைக்கு அவர் வைத்த பெயர் அது.

'பெட்லம்' கொஞ்சம் மனசை உறுத்துகிற சொல். லண்டனில் 1247இல் தொடங்கப்பட்ட பெத்லஹேம் என்ற மடம், பின்னாளில் மனநல மருத்துவமனை ஆனது. அந்தப் பெயரைத்தான் மக்கள் வாய் 'பெட்லம்' ஆக்கியது. மிருகக்காட்சி சாலைக்குப் போவது போல, பொழுதுபோக்காக அங்கே போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருவார்கள். 1770 வாக்கில்தான் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. உள்ளே இருந்தவனுக்கு அது வேதனை, வெளியே நின்று பார்த்தவனுக்கு அது ஒரு சத்தம். ஆங்கில அகராதியில் நிலைத்தது வெளியே நின்றவன் சொன்ன பொருள்தான்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போகும் ரெண்டு சொற்களிலும் இதேதான் நடந்திருக்கிறது.

பாப்பரி

'பாப்பரி' என்றால் சத்தம், சச்சரவு, ரகளை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் சாதாரணமாகப் பேசிய சொல். வேலைக்காரர்கள் சண்டை போட்டால் பாப்பரி. பல சாதி நாய்களைச் சேர்த்துக்கொண்டு நரி வேட்டைக்குப் போனால் அந்த நாய்க் கூட்டம் 'பாப்பரி பேக்'.

மூலம் எது தெரியுமா? 'பாப் ரே!' இந்திக்காரர்கள் அதிர்ச்சியிலும் துக்கத்திலும் சொல்வது. 'அப்பா!' என்று பொருள். நாம் 'ஐயோ அப்பா' என்று சொல்கிறோமே, அதே தான். அடி விழுந்தவனும், பயந்தவனும், யாரையோ பறிகொடுத்தவனும் தன் தகப்பனைக் கூப்பிடுகிறான். கேட்டவன் காதில் அது ரகளையாக விழுகிறது. அவன் தன் மொழியில் ரகளைக்கே அதைப் பெயராக வைத்துக்கொள்கிறான்.

ஹாப்சன்-ஜாப்சன்

அடுத்த சொல்தான் இந்தக் கட்டுரையின் நாயகன். 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற பெயரை சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1886இல் லண்டனில் வெளிவந்த ஒரு பெரிய அகராதியின் பெயர் அது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் பேச்சில் கலந்துபோன நம் நாட்டுச் சொற்களைத் தொகுத்த அகராதி. நம் கட்டுமரம் 'கட்டமரான்' ஆனது, சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆனது, எல்லாக் கதையும் அதில் இருக்கிறது. 1903இல் வில்லியம் குரூக் அதைத் திருத்தி இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தார். இன்றைக்கும் அச்சில் இருக்கிற புத்தகம். சல்மான் ருஷ்டி அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்.

தொகுத்தவர்கள் ரெண்டு பேர். ஒருவர் கர்னல் ஹென்றி யூல். வங்காளப் பொறியாளர் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், மார்க்கோ போலோவின் பயண நூலை ஆங்கிலத்தில் பதிப்பித்தவர். இன்னொருவர் ஆர்தர் கோக் பர்னல். இவர் நம்ம பக்கத்து ஆள் என்றே சொல்லலாம். 1860இல் சென்னை மாகாண அரசுப் பணிக்கு வந்தவர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையில் (இன்றைய சரஸ்வதி மகால்) இருந்த வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். தென்னிந்திய எழுத்துக்களின் வரலாற்றைப் பற்றி 1874இல் ஒரு நூல் எழுதியவர்.

யூல் அப்போது இத்தாலியில் பலெர்மோ நகரத்தில் இருந்தார். அவருக்கும் பர்னலுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தில்தான் இந்த அகராதி பிறந்தது. பாவம், புத்தகம் வெளிவரும்போது பர்னல் இல்லை. 1882இல், 42 வயதிலேயே இறந்துவிட்டார்.

'ஆங்கிலோ இந்தியச் சொற்களின் அகராதி' என்று மட்டும் பெயர் வைத்தால் யார் வாங்குவார்கள் என்று யூல் யோசித்திருக்கிறார். (மார்க்கெட்டிங் பாடத்தில் இதற்கு 'பிராண்டிங்' என்று பெயர்.) அகராதிக்குள்ளேயே இருந்த ஒரு சொல்லை எடுத்து அட்டையில் போட்டார். ஜோடியாக ஒலிப்பதால் எழுதியவர் ரெண்டு பேர் என்பதையும் அது குறிப்பாகச் சொல்லும் என்பது அவர் சொன்ன காரணம்.

சரி, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? உள்நாட்டு மக்களின் திருவிழா ஆரவாரம், தமாஷ். குறிப்பாக, முஹர்ரம்.

மூலம்? 'யா ஹசன்! யா ஹுசைன்!'

முஹர்ரம் ஊர்வலத்தில் மாரில் அடித்துக்கொண்டு அழுதவர்களின் குரல். பிரிட்டிஷ் சிப்பாய்கள் காதில் அது 'ஹாப்சன்-ஜாப்சன்' என்று விழுந்தது. அவ்வளவுதான் கதை என்று அகராதி சொல்லி முடித்துவிடுகிறது. ஆனால் எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

அவர்கள் எதற்காக அழுதார்கள்?

கி.பி. 680, அக்டோபர் 10. இஸ்லாமிய நாட்காட்டியில் 61ஆம் ஆண்டு, முஹர்ரம் மாதம் பத்தாம் நாள். இன்றைய இராக்கில் உள்ள கர்பலா. நபிகள் நாயகத்தின் பேரன் ஹுசைன், கலீஃபா யஸீதை ஏற்க மறுத்தவர், தன் குடும்பத்தாரோடும் மிகச் சிலரான தோழர்களோடும் யஸீதின் படையால் சூழப்பட்டார். பக்கத்திலேயே யூப்ரடீஸ் ஆறு. ஆனால் தண்ணீர் எடுக்க விடாமல் வழியை அடைத்தார்கள். கூடாரத்தில் குழந்தைகளும் இருந்தார்கள். பத்தாம் நாள் ஹுசைனும் அவருடன் இருந்த ஆண்களில் ஏறக்குறைய எல்லோரும் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டார்கள்.

ஹசன் அவருடைய அண்ணன். அவர் கர்பலாவில் இறக்கவில்லை. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 670 வாக்கில், மதீனாவில் இறந்தவர். ஆனால் துக்கக் குரலில் அண்ணன் தம்பி ரெண்டு பேர் பெயரும் சேர்ந்தே வரும்.

முஹர்ரம் ஊர்வலம் எல்லா முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம் அல்ல. ஷியா பிரிவினருக்கு அது துக்கத்தின் உச்சம். சுன்னி பிரிவினர் பலர் அன்று நோன்பு வைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனாலும் அந்தக் காலத்து இந்தியாவில் சுன்னிகளும், ஏன் இந்துக்களும்கூட, ஊர்வலத்தில் கலந்துகொண்டார்கள். இந்தத் தகவலை யூலும் சொல்லியிருக்கிறார்.

ஆக, தண்ணீர்கூடக் கிடைக்காமல் கொல்லப்பட்ட ஒருவருக்காக ஆயிரம் வருடங்களுக்கு மேலாக அழுதுவந்த அழுகை அது. அக்கவுண்டன்சி மொழியில் சொன்னால், ஒரே பரிவர்த்தனை, ரெண்டு பேர் கணக்குப் புத்தகம். ஒருவர் புத்தகத்தில் அது ஈடுகட்ட முடியாத நஷ்டம். இன்னொருவர் புத்தகத்தில் அது 'கேளிக்கைச் செலவு' தலைப்பில் ஏறியிருக்கிறது.

சொல் நடந்து வந்த பாதை

இந்தத் திரிபு ஒரே நாளில் நடக்கவில்லை. படிப்படியாக எப்படி மாறியது என்று அகராதி ஆண்டு வாரியாகத் தருகிறது. நான் ரசித்துப் படித்த பகுதி இதுதான். (ரசித்தேன் என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.)

1673இல் ஜான் பிரையர் என்ற ஆங்கில மருத்துவர் இந்தியாவில் இருந்தார். அவர் எழுத்தில் அது 'ஹொஸ்ஸீன் கொஸ்ஸீன்' என்றும் 'ஹொஸ்ஸி கொஸ்ஸி' என்றும் வருகிறது. இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் 'காபி கீபி', 'படிப்பு கிடிப்பு' என்று பேசுகிறோம் இல்லையா, அந்த மாதிரியே இருக்கிறது. காபி கீபி என்று எப்போது சொல்வோம்? அந்தப் பொருளைப் பெரிதாக மதிக்காதபோது. 'கல்யாணம் கில்யாணம்னு பேசாதே' என்பதில் கல்யாணத்துக்கு எவ்வளவு மரியாதை இருக்கிறதோ, அவ்வளவு மரியாதைதான் 'ஹொஸ்ஸி கொஸ்ஸி'யிலும் இருக்கிறது.

1720ஆம் ஆண்டுக்குக் கீழே அகராதி தருகிற வடிவம் 'ஹொசைன் ஜொசென்'. இப்போது 'ஜா' வந்துவிட்டது.

1726இல் டச்சுக்காரர் வாலன்டைன் எழுதிய நூல். அதில் சோழமண்டலக் கடற்கரையைப் பற்றிய பகுதியில், முஹர்ரம் துக்க நாட்களை டச்சுக்காரர்கள் 'ஜாக்சம் பாக்சம்' என்று சொல்வதாக எழுதியிருக்கிறார். சோழமண்டலக் கடற்கரை டச்சுக்காரர்கள் என்றால் யார்? நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடும் அவர்களுடைய ஊர்தான்! 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை இந்தக் கடற்கரை முழுவதற்கும் பழவேற்காடுதான் அவர்களுடைய தலைநகர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஏரியும் பறவையும் பார்க்க டூர் போயிருப்பீர்கள். அங்கே டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். அந்தக் கல்லறைகளில் படுத்திருப்பவர்களும் 'ஜாக்சம் பாக்சம்' என்று சொல்லியிருப்பார்களோ என்னவோ.

ஒரு விஷயம் கவனியுங்கள். தங்கள் சாவுக்கு எவ்வளவு பயபக்தியோடு கல் செதுக்கி வைத்திருக்கிறார்கள்! பக்கத்துத் தெருவின் சாவுக்கு மட்டும் 'ஜாக்சம் பாக்சம்'.

ஆற்காட்டில் ஒரு முஹர்ரம்

அடுத்த படி நம் ஊரிலிருந்து மேற்கே, அரக்கோணம், ராணிப்பேட்டை தாண்டி ஆற்காட்டில் இருக்கிறது. 1751. பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் 'ஆற்காட்டு வீரர்' என்று ராபர்ட் கிளைவைப் பற்றிப் படித்தோமே, அந்தச் சம்பவம்தான்.

கர்நாடக நவாப் பதவிக்குச் சந்தா சாகிப்பும் முகமது அலியும் மோதிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒருவர் பக்கம், ஆங்கிலேயர்கள் இன்னொருவர் பக்கம். சந்தா சாகிப் திருச்சியை முற்றுகையிட்டிருந்த நேரம் பார்த்து, கிளைவ் சென்னையிலிருந்து சுமார் 200 ஐரோப்பியர், 300 இந்தியச் சிப்பாய்களோடு போய் ஆற்காட்டைப் பிடித்தார். சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் வந்து கோட்டையை முற்றுகையிட்டார். ஐம்பது நாள் முற்றுகை. கடைசித் தாக்குதலுக்கு அவர் தேர்ந்தெடுத்தது நவம்பர் 14. காரணம், அது முஹர்ரத்தின் துக்க நாட்கள். ஹுசைனை நினைத்துப் போரிடுகிறவன் உயிருக்கு அஞ்ச மாட்டான் என்ற கணக்கு. நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளை விட்டு வாசலை இடிக்கப் பார்த்தார்கள். துப்பாக்கிக் குண்டு பட்ட யானைகள் திரும்பித் தங்கள் ஆட்களையே மிதித்தன. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அன்று இரவே ராஜா சாகிப் பின்வாங்கினார்.

இதை எழுதியவர் ராபர்ட் ஓர்ம். சென்னைக் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தவர். 1763இல் வெளிவந்த அவருடைய போர் வரலாற்றில் இந்த நாளை, 'ஹாசைன்', 'ஜாசைன்' என்ற சகோதரர்கள் கொல்லப்பட்டதை நினைவுகூரும் நாள் என்று குறிப்பிடுகிறார்.

ஹாசைன், ஜாசைன்! தாக்குதலை விரிவாக எழுதத் தெரிந்த வரலாற்று ஆசிரியர் அவர். எதிரில் வந்தவர்கள் யார் பெயரைச் சொல்லிக்கொண்டு சாக வந்தார்கள் என்பதை மட்டும் சரியாகக் கேட்டு எழுதவில்லை. ஓர்ம் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. அவருக்குக் கேட்டது அவ்வளவுதான். இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கிண்டல் என்றால் கோபப்படலாம். காது கொடுக்காததற்கு யாரைக் கோபிப்பது?

அடுத்த நூற்றாண்டில் ஹாசைன்-ஜாசைனுக்கு இங்கிலீஷ் சட்டை மாட்டியாகிவிட்டது. ஹாப்சனும் ஜாப்சனும் இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பப் பெயர்கள். அதுமட்டுமில்லை, அந்தக் காலத்தில் விவரமில்லாத நாட்டுப்புறத்து ஜோடியைக் கேலி செய்ய இந்த மாதிரி எதுகைப் பெயர்களை வைப்பது அங்கே வழக்கம். நம் ஊரில் 'குப்பனும் சுப்பனும்' என்று சொல்வது போல. ஆக, கர்பலாவில் இறந்தவரும் அவர் அண்ணனும் கடைசியில் குப்பன் சுப்பன் ஆகிவிட்டார்கள்.

சிப்பாய்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம்

ஒரு பக்கமாக மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. தென்னிந்தியாவில் முஹர்ரம் வெறும் அழுகையாக மட்டும் இருந்ததில்லை. 1832இல் 'கானூன்-ஏ-இஸ்லாம்' என்ற நூல் வந்தது. ஜாபர் ஷரீப் என்ற தென்னிந்திய முஸ்லிம் எழுதியதை, சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலத்தில் கொடுத்தார். முஹர்ரம் நாட்களில் மக்கள் போட்டுக்கொண்ட விதவிதமான வேஷங்களை அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் புலி வேஷமும் உண்டு. தப்பட்டை, தீப்பந்தம், புலியாட்டம், நெருப்புக் குழி. இதைப் பார்த்த ஒரு வெளியூர் சிப்பாய் திருவிழா என்று நினைத்ததில் பெரிய தப்பில்லை.

சாவில் ஆட்டம் போடுவது நமக்கு ஒன்றும் புதிதும் இல்லை. நம் தெருவில் சாவு மேளம் போகும்போது முன்னால் ஆடிக்கொண்டு போகிறார்களே! ஒரு வெளிநாட்டுக்காரர் பார்த்தால் கல்யாண ஊர்வலம் என்றுதான் நினைப்பார்.

சொற்களை நம் வாய்க்குத் தகுந்த மாதிரி மாற்றுவதும் எல்லோரும் செய்கிற வேலைதான். மொழியியலில் இதற்கு 'ஹாப்சன்-ஜாப்சன் விதி' என்றே ஒரு பெயர் உண்டு. வெளியிலிருந்து வரும் சொல் உள்ளூர் ஒலிகளுக்கு ஏற்ப வளைந்துவிடும் என்பது அதன் சாரம். சென்னையில் ஹாமில்டன் பாலத்தை நாம் 'அம்பட்டன் வாராவதி' ஆக்க, அதை வெள்ளைக்காரர்கள் திரும்ப மொழிபெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' ஆக்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள்.

ஆனால் பாலத்தின் பெயர் திரிந்தால் பாலத்துக்கு வலிக்காது. மனிதர்கள் விஷயம் வேறு. பறை என்ற நம் இசைக்கருவி, அதிலிருந்து ஒரு சமூகத்தின் பெயர், அதிலிருந்து ஆங்கிலத்தில் 'பரையா' என்றால் எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன். இன்றைக்கும் ஆங்கிலச் செய்தித்தாள்களில் கொஞ்சமும் யோசிக்காமல் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒதுக்குதலை முதலில் வைத்துக் கொடுத்தது நாம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் அதை எடுத்துக்கொண்டு போனான், அவ்வளவுதான்.

நம் அகராதியையும் கொஞ்சம் புரட்டுவோம்

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டுத் தூங்கப் போகலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் தமிழில் சத்தத்துக்கு என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று எழுதிப் பார்த்தேன். கூச்சல், இரைச்சல், ஆரவாரம், அமளி, ரகளை, கலாட்டா, அமர்க்களம், களேபரம், கூப்பாடு...

அமர் என்றால் போர். அமர்க்களம் என்றால் போர்க்களம். பல பேர் செத்துக் கிடக்கும் இடம். இன்றைக்கு "கல்யாணச் சாப்பாடு அமர்க்களம்" என்கிறோம். 1999இல் அஜித் படத்துக்கும் அதே பெயர்.

களேபரம் என்றால் தமிழ் அகராதியில் முதல் பொருள் உடம்பு, அடுத்த பொருள் பிணம். வடமொழியிலிருந்து வந்த சொல். இன்றைக்கு "பஸ் ஸ்டாண்டு ஒரே களேபரம்" என்கிறோம். யாருக்கும் பிணம் ஞாபகத்துக்கு வருவதில்லை.

அடுத்தது ஒப்பாரி. இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ஒப்பாரி என்பது நம் பாட்டிகள் இறந்தவருக்காகப் பாடிய பாட்டு. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், யாரும் கற்றுக்கொடுக்காமல், அந்த இடத்திலேயே கட்டிப் பாடினார்கள். செத்தவர் பெருமை, தான் பட்ட பாடு, பிறந்த வீட்டுச் சீர், புகுந்த வீட்டுக் கொடுமை எல்லாம் அதில் வந்துவிடும். வேறெங்கும் வாய் திறக்க முடியாத பெண்ணுக்குச் சாவு வீடு ஒன்றுதான் பேச இடம் கொடுத்தது. இப்போது நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம்? "இன்டர்னல் மார்க் போச்சுன்னு ஒப்பாரி வைக்காதே." "காலையிலேயே ஒப்பாரியை ஆரம்பிச்சுட்டா." 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்ற பழமொழி வேறு இருக்கிறது.

'பாப் ரே'யைப் பாப்பரி ஆக்கியவர்களுக்கு நாம் எந்த விதத்தில் குறைந்தவர்கள்? அவர்கள் அடுத்தவர் அழுகையைச் சத்தமாக்கினார்கள். நாம் நம் பாட்டியின் அழுகையையே சத்தமாக்கியிருக்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், எனக்குள்ளேயே ஒரு கடன் பாக்கி இருக்கிறது.

நான் இருப்பது காக்களூரில். தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் தெருவில் லைன் வீடுகள் அதிகம். ஒரு காலத்தில் தென் மாவட்டத்துக்காரர்கள் இருந்த அறைகளில் இப்போது பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா பையன்கள் இருக்கிறார்கள். ஒரு அறைக்கு ஆறு பேர், ஏழு பேர். ஷிப்ட் மாறி மாறித் தூங்குவார்கள். தெருவில் அவர்களைப் பற்றிய ஒரே புகார் 'சத்தம்'. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார்கள், பாட்டு வைப்பார்கள், ராத்திரி பதினொரு மணிக்குச் சமைப்பார்கள்.

என் அப்பாவும் ஷிப்ட் வேலைதான். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் படுத்திருந்தார். பக்கத்து லைன் வீட்டில் ஒரே கூச்சல். போன் ஸ்பீக்கரில் பல குரல்கள் ஒரே நேரத்தில். அப்பா புரண்டு படுத்துக்கொண்டே "என்னடா அங்க கலாட்டா, போய்ச் சொல்லிட்டு வா" என்றார். நானும் கோபமாகத்தான் போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். திரையில் ஒரு வீட்டு முற்றம். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். சுவரோரமாக என் வயதுப் பையன் ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு "மாயி ரே... மாயி ரே..." என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஓரளவு தமிழ் தெரிந்த ஒருவர் எழுந்து வந்தார். "தம்பி, இவன் அம்மா செத்துட்டாங்க. ரயில்ல போனா ரெண்டு நாள் மேலே ஆவும். அதுக்குள்ளே எடுத்துடுவாங்க. அதான் போன்ல..." என்றார். அப்புறம் அவரே, "சத்தம் ஜாஸ்தியா? கம்மி பண்றோம் தம்பி" என்று சொல்லி, போனின் ஒலியைக் குறைக்கக் குனிந்தார்.

நான் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. வேண்டாம் என்று கையைக் காட்டினேன் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. எழுந்து முகம் கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். அவருக்கு அவர்கள் மொழி தெரியாது. எனக்கும் தெரியாது. அன்றைக்குத் தெரிய வேண்டியதில்லை என்று இருந்தது.

அகராதியில் 'பாப் ரே'யைப் படித்தபோது எனக்குக் கேட்டது அந்தப் பையனின் 'மாயி ரே' தான். அங்கே அப்பா, இங்கே அம்மா. அந்த 'ரே' ஒன்றுதான்.

இன்னொரு பெயரும் இருக்கிறது

முடிப்பதற்கு முன் ஒரு நல்ல விஷயமும் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் துக்கத்தைக் கேட்கிறவர்கள் எல்லோரும் அதைக் கூச்சல் என்றுதான் எழுதி வைப்பார்கள் என்றில்லை.

பர்னல் நீதிபதியாக இருந்த தஞ்சாவூருக்குப் பக்கத்தில் காசவளநாடு புதூர் என்று ஒரு கிராமம். பெரும்பாலும் இந்துக்கள் வாழும் ஊர். முஹர்ரம் அன்று அந்த ஊர் மக்கள் 'அல்லா சாமி' எடுத்து, விரதம் இருந்து தீ மிதிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஹுசைன் என்ற பெயரை அவர்கள் எப்படி உச்சரிப்பார்கள் என்று எனக்குக் கவலை இல்லை. எப்படிச் சொன்னாலும் சாமி என்றுதானே சொல்கிறார்கள்.

சென்னையில் ஆயிரம் விளக்கு என்று ஒரு இடம் இருக்கிறது. தினமும் 'ஆயிரம் விளக்கு இறங்கு' என்று கண்டக்டர் கூப்பிடுவதைக் கேட்டிருப்போம். முஹர்ரம் நாட்களில் துக்கம் அனுசரிக்கக் கூடியவர்களுக்காக அங்கிருந்த கூடத்தில் ஆயிரம் எண்ணெய் விளக்குகள் ஏற்றுவார்களாம், அதனால் வந்த பெயர் என்று சொல்கிறார்கள். அதே முஹர்ரம், அதே அழுகை. தெருவோடு போன சிப்பாய்க்கு அது ஹாப்சன்-ஜாப்சன். கூடவே வாழ்ந்த ஊர்க்காரனுக்கு அது விளக்கு.

ஹாப்சன்-ஜாப்சன் என்ற சொல்லை இப்போது கூச்சல் என்ற பொருளில் யாரும் பேசுவதில்லை. புத்தகத்தின் பெயராகவும் மொழியியல் விதியாகவும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்னொரு பக்கம், 2016இல் ஆக்ஸ்போர்டு அகராதி நம் 'ஐயோ'வைச் சேர்த்துக்கொண்டது. இந்த முறை ரகளை என்ற பொருளில் இல்லை, ஐயோ என்ற பொருளிலேயே. நல்ல முன்னேற்றம் தான் :-)

என் டெஸ்ட் பேப்பருக்கு விடுபட்ட ரெண்டு சொற்களும் இப்போது தெரியும். அடுத்த முறை அதே கேள்வி வந்தால் எழுதுவேனா என்று கேட்டால், மார்க்குக்காக எழுதித்தான் ஆக வேண்டும்.

உங்கள் ஊரில் முஹர்ரத்துக்கு என்ன பெயர்? அல்லா பண்டிகையா, பஞ்சாவா, வேறு ஏதாவதா? உங்கள் பாட்டிக்கு ஒப்பாரி தெரியுமா? தெரிந்தால் ஒரு முறை உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள். நானும் இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கேட்கலாம் என்று இருக்கிறேன்.